புது கிளட்ச் மாட்டினேன், கியர் விழவில்லை – உங்களுக்கு என்ன ஆனது?

இரண்டு வாரக் கடைசி முழுக்க வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்து என் கையாலேயே கிளட்ச் மாற்றினேன். முன்சக்கர இழுவை வண்டி, ஐந்து கியர், ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் கிளட்ச். பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அந்த அழுத்தத்தை விலக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றும் புதிது. நேற்று ராத்திரி கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் என்னவோ பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்ட மாதிரி மெதுவாகச் சுற்றியது, ஆனாலும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. சரி என்று கிளட்சை மிதித்து முதல் கியர் போட்டால் விழவே இல்லை. ரிவர்ஸுக்குத் தள்ளினால் கறகற என்று ஒரு சத்தம், பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது.

இன்ஜினை அணைத்துவிட்டுப் போட்டால் ஐந்து கியரும் வழுக்கிக்கொண்டு விழுகின்றன. இன்ஜின் ஓடும்போது மட்டும்தான் இந்த அடம். பெடலை நாலைந்து தடவை வேகமாக மிதித்துவிட்டு உடனே போட்டால் எப்போதாவது விழும். அப்படி விழுந்த ஒரு தடவையில் தெருமுனை வரை போய்த் திரும்பினேன், அப்போதுதான் பார்த்தேன், ஸ்பீடோமீட்டர் முள் படுத்த இடத்திலேயே படுத்திருக்கிறது.

பிளேட்டைத் திருப்பிப் போட்டுவிட்டேனோ என்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. கியர்பாக்ஸ் பெட்டியை மறுபடியும் இறக்குவதை நினைத்தாலே முதுகு இப்போதே வலிக்கிறது. சொந்தமாக கிளட்ச் மாற்றியவர்கள் உங்களுக்கு என்ன ஆனது, கடைசியில் எங்கே கண்டுபிடித்தீர்கள் என்று எழுதுங்கள். கியர்பாக்ஸை இறக்காமல் பார்க்கக்கூடியது எல்லாவற்றையும் முதலில் பார்த்துவிடலாம் என்று இருக்கிறேன்.

*

நான் உண்மையிலேயே திருப்பிப் போட்டவன், அதனால் இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது.

பிளேட்டின் நடுவில் ஸ்பிரிங் இருக்கும் மேடான பக்கம் பெரும்பாலான வண்டிகளில் கியர்பாக்ஸைப் பார்த்து இருக்க வேண்டும். எந்தப் பக்கம் ஃப்ளைவீலுக்கு (இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) என்று பிளேட்டிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டும் இருப்பார்கள். நான் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று பிரேக் கிளீனர் துணியால் துடைத்து அந்த எழுத்தையே அழித்துவிட்டேன். அப்புறம் ஞாபகத்தை நம்பி மாட்டினேன். இன்ஜின் ஓடும்போது கியர் ஒன்றுகூட விழவில்லை. ஒரு தடவை மிதித்தாலும் இருபது தடவை மிதித்தாலும் ஒரே கதைதான். கூடவே உள்ளே எதுவோ உரசுகிற சத்தம். பெட்டியை இறக்கிப் பார்த்தால் பிளேட்டின் நடுப்பகுதி ஃப்ளைவீல் போல்ட் தலைகளில் தேய்ந்து பளபளவென்று ஒரு வளையமே போட்டிருந்தது.

உங்கள் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை தருவது அந்த நாலைந்து மிதிதான். பெடலை அடித்து அடித்து மிதித்தால் குணமாகிற நோய் பிளேட்டில் இருக்காது. திருப்பிப் போட்ட பிளேட்டுக்கு நீங்கள் எத்தனை தடவை மிதிக்கிறீர்கள் என்று எப்படித் தெரியும்? ஆயில் லைனில்தான் ஏதோ இருக்கிறது.

*

எல்லாரும் கியரைப் பார்க்கிறீர்கள், எனக்கு அந்த மெதுவான ஸ்டார்ட்டர்தான் கண்ணில் படுகிறது. தயவுசெய்து மறுபடி ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் எர்த் ஒயரைப் பாருங்கள்.

என்னுடையது கேபிள் கிளட்ச் வண்டி. எல்லாம் மாட்டி முடித்துவிட்டு சாவியைத் திருப்பினேன், ஸ்டார்ட்டர் இழுக்க முடியாமல் இழுத்தது. பேட்டரி இறங்கியிருக்கும் என்று இன்னொரு வண்டியிலிருந்து கரண்ட் எடுத்து மறுபடி மறுபடி முயற்சி செய்தேன். நாலாவது தடவை டாஷ்போர்டுக்குக் கீழே புகை. கிளட்ச் கேபிளின் மேல் உறை உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. கிளட்ச் கேபிளில் எப்படித் தீ என்று ஒரு நிமிடம் எனக்குப் புரியவே இல்லை.

பேட்டரி நெகட்டிவிலிருந்து வருகிற தடிமனான எர்த் பட்டை நிறைய வண்டிகளில் கியர்பாக்ஸ் போல்ட் ஒன்றின் கீழேதான் உட்கார்ந்திருக்கும். பெட்டியை இறக்கும்போது அதைக் கழற்றி ஓரமாக மடித்து வைத்தவன் திரும்ப மாட்டவில்லை. இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்ட் மேல் நிற்பவை, அதனால் பாடியோடு அவற்றுக்கு வேறு நல்ல தொடர்பு கிடையாது. ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் சாதாரணமாகக் கேட்கும். அந்தக் கரண்ட் திரும்பிப் போக வேறு வழி இல்லாமல், இரும்பாலான எது கிடைத்ததோ அதன் வழியாகப் போயிருக்கிறது: கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள். புது கிளட்சுக்குப் புது கேபிளும் வாங்கும்படி ஆனது.

மல்டிமீட்டர் இருந்தால் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை கியர்பாக்ஸ் உடம்பில் வெறும் உலோகத்திலும் வைத்து, ஸ்டார்ட் அடிக்கும்போது பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. ஒயர் மாட்டியிருக்கிறது என்பது மட்டும் போதாது, அது உட்கார்ந்திருக்கும் இடம் துருவும் பெயிண்டும் இல்லாமல் இருக்க வேண்டும்.

*

ஸ்பீடோமீட்டர் ஓடாததற்கு என்னிடம் ஒரு சின்ன பதில்: கியர்பாக்ஸ் மேலே வேக சென்சார் கனெக்டர் மாட்டவில்லை. பெட்டி தன் இடத்தில் ஏறிய பிறகு கை போகாத மூலையில் அது தொங்கிக்கொண்டிருக்கும். அதே பக்கத்தில் ரிவர்ஸ் லைட் சுவிட்ச் கனெக்டர், ஸ்டார்ட்டருக்குப் போகும் மெல்லிய ஒயர், சில வண்டிகளில் பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் பகுதி) ஓரத்தில், இன்ஜின் சுற்றுவதைக் கண்டறியும் கிராங்க் சென்சார். எனக்கு அந்தக் கிராங்க் சென்சார்தான் போனது. பெட்டியைப் பின்னால் இழுத்தபோது இடித்து உடைத்திருக்கிறேன், எனக்கே தெரியாது. இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. கிளட்சுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பெட்ரோல் பம்ப், ஃபியூஸ் என்று ஒன்றரை நாள் தேடினேன்.

*

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் யாருக்காவது உதவும்.

மாட்டி முடித்தேன், ஸ்டார்ட் ஆனது, கியரும் அழகாக விழுந்தது. கிளட்சை விட்டால் வண்டி நகரவில்லை. ஆக்சிலரேட்டர் மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. புது பிளேட் அப்படியே ஸ்லிப் ஆகிறது என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். விற்றவரிடம் போய்ச் சண்டை போட்டேன், மட்டமான பிளேட்டைத் தந்துவிட்டீர்கள் என்று. அவரும் பாவம், வேறு ஒன்று தருவதாகச் சொல்லிவிட்டார். பெட்டியை இறக்குவதற்காக மறுபடி முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்ட் வைத்தேன். கியர்பாக்ஸிலிருந்து இடது சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்டைக் கழற்றப் போனால் இழுப்பதற்கு முன்னாலேயே கையோடு வந்துவிட்டது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கிளிப் டக்கென்று பூட்டவே இல்லை, நுனி மட்டும் பட்டும் படாமலும் நின்றிருக்கிறது.

இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் வேலை செய்யும் விதமே அப்படி. ஒரு பக்கம் ஷாஃப்ட் பிடிக்காமல் காலியாகச் சுற்ற முடிந்தால் சுழற்சி முழுக்க அந்தப் பக்கமே போய்விடும், மறு சக்கரத்துக்கு ஒன்றும் வராது. வெளியிலிருந்து பார்த்தால் கிளட்ச் வழுக்குவது போலவே இருக்கும். ஆனால் கிளட்ச் உண்மையில் வழுக்கினால் கருகிய நாற்றம் வந்திருக்கும். எனக்கு ஒரு நாற்றமும் வரவில்லை, அதை யோசித்திருந்தாலே போதும்.

ஷாஃப்டை ஒரு கட்டை வைத்துத் தட்டினேன், டக். வண்டி ஓடியது. புது ஆயில் சீலை மட்டும் நான் கிழித்திருந்தேன், அது இரண்டு நாள் கழித்துத் தரையில் சொட்டு விழுந்தபோது தெரிந்தது. விற்றவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், வேறு வழி?

*

எங்கள் வீட்டில் நானும் அப்பாவும் சேர்ந்துதான் செய்தோம். கீழே படுத்தது நான், மேலே நின்று யோசனை சொன்னது அப்பா. கியர் எல்லாம் விழுந்தது, வண்டியும் ஓடியது, ஆனால் ஒவ்வொரு தடவை முதல் கியரில் கிளம்பும்போதும் வண்டி உதறும். குளிர் ஜுரம் வந்தவர் உதறுவார்களே, அப்படி. புதுசு, போகப் போகச் சரியாகிவிடும் என்றார் அப்பா. புது பிளேட் ஒத்துப்போக முதல் சில நூறு கிலோமீட்டர் பதமாக ஓட்ட வேண்டும் என்பது உண்மைதான், அதனால் நானும் பொறுத்தேன். சரியாகவில்லை, அதிகமானது.

இறக்கினோம். பிளேட்டின் நடுவிலிருந்து ஓரம் வரை கதிர் கதிராகக் கிரீஸ் கோடுகள். உள்ளே இன்புட் ஷாஃப்ட் (பிளேட் ஏறி உட்காரும் கியர்பாக்ஸ் தண்டு) பற்களில் பூசச் சொல்லி ஒரு சின்ன பாக்கெட் கிரீஸ் கூடவே வந்திருந்தது. நான் மொத்தத்தையும் பூசிவிட்டேன், நிறையப் பூசினால் நல்லது என்ற நினைப்பு! ஷாஃப்ட் சுற்றும் வேகத்தில் அத்தனையும் சிதறி பிளேட் மேல் அப்பிவிட்டது. கிரீஸ் குடித்த பிளேட்டைக் கழுவிக் காப்பாற்ற முடியாது. பற்களில் மெல்லியதாகத் தடவிவிட்டு, பிளேட்டை ஒரு தடவை ஏற்றி இறக்கி, வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அதற்கு.

இன்னொன்றும் அப்போது தெரிந்தது. புது பிரஷர் பிளேட்டில் துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் மாதிரி ஒரு பூச்சு போட்டு அனுப்புகிறார்கள். அதையும் நான் துடைக்காமல்தான் மாட்டியிருந்தேன். இரண்டாவது தடவை ஃப்ளைவீல், பிரஷர் பிளேட் இரண்டையும் பிரேக் கிளீனரில் துடைத்து, விரல் படாமல் மாட்டினேன். பிரஷர் பிளேட் போல்ட்டுகளையும் சுற்றி வரிசையாக முறுக்காமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். உதறல் போய்விட்டது. தான் அப்போதே சொன்னதாக அப்பா இப்போது சொல்லிக்கொள்கிறார். சொல்லவில்லை.

*

தம்பி, நான் ஷெட்டில் முப்பது வருடம் கிளட்ச் வேலை பார்த்தவன். மேலே எழுதியவர்கள் எல்லாரும் சொன்னது சரி. நான் ஒரு விஷயம் மட்டும் கேட்கிறேன். பெட்டி கீழே இருந்தபோது, பெடலை மிதித்தால் ஆயில் அழுத்தத்தில் தள்ளுகிற ஸ்லேவ் சிலிண்டரைக் கழற்றித் தொங்கவிட்டிருந்த நேரத்தில், யாராவது கிளட்ச் பெடலை மிதித்தார்களா? யோசித்துப் பார்.

ஸ்லேவ் சிலிண்டருக்கு எதிரே, ரிலீஸ் பேரிங்கை நகர்த்தும் ஃபோர்க் இருந்தால்தான் அதன் பிஸ்டன் உள்ளே அடங்கி நிற்கும். எதிரே ஒன்றும் இல்லாமல் மிதித்தால் பிஸ்டன் எகிறி வெளியே வந்துவிடும், ரப்பர் வாஷர் மடங்கிவிடும், காற்றும் ஏறிவிடும். திரும்ப அமுக்கி உள்ளே தள்ளி மாட்டினால் வெளியிலிருந்து பார்க்க எல்லாம் சரியாகவே தெரியும்.

கியர்பாக்ஸ் பக்கம் போகாதே. வண்டியை நியூட்ரலில் வை, இன்ஜின் ஆஃப், ஹேண்ட் பிரேக் போடு. ஒருவரை உள்ளே உட்காரவைத்து பெடலை முழுசாக மிதிக்கச் சொல். நீ ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு எவ்வளவு வெளியே வருகிறது என்று ஸ்கேல் வைத்துப் பார். வண்டிக்கு வண்டி கணக்கு மாறும், ஆனால் ஒரு சென்டிமீட்டர்கூட வரவில்லை என்றால் உள்ளே இருக்கிற பிளேட் மேல் பழி போட வேண்டியதில்லை, ஆயில் அழுத்தம் வரவில்லை. முழுசாக நகர்ந்தும் கியர் விழவில்லை என்றால்தான் பிளேட் திரும்பியது, பிளேட் வளைந்தது, ஃபோர்க் குமிழிலிருந்து நழுவியது என்று உள்ளே தேட வேண்டும். பிளேட் எப்படி வளையும் என்று கேட்பாய். பெட்டியை ஏற்றும்போது கை வலித்து அதன் முழுப் பாரத்தையும் இன்புட் ஷாஃப்ட் மேல் தொங்கவிட்டால் வளையும். அதற்காகத்தான் பெட்டிக்கு அடியில் ஜாக் வைக்கச் சொல்வது.

சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் பெட்டிக்கு உள்ளேயே, பேரிங்கோடு சேர்ந்து இன்புட் ஷாஃப்டைச் சுற்றி இருக்கும். அப்படி இருந்தால் இந்த ஸ்கேல் வேலை நடக்காது. உன்னுடையது வெளியே இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

சத்தம் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். பெடலை மிதித்தால் வருகிற சத்தம் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது வந்து, மிதித்தால் நின்றுபோகிற சத்தம் இன்புட் ஷாஃப்ட் பேரிங். இரண்டையும் குழப்பிக்கொண்டு புது ரிலீஸ் பேரிங்கைத் திரும்ப மாற்றியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

*

முதலில் எழுதியவன்தான். ஐயா, நீங்கள் கேட்ட கேள்வியைப் படித்ததும் எனக்கு உடனே மச்சான் முகம்தான் ஞாபகம் வந்தது.

பெட்டியை இறக்கிய அன்று மச்சான் வந்திருந்தான். நான் அடியில் கிடக்கிறேன், அவன் உள்ளே ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது ஃபோன் பண்ணிக் கேட்டேன். மிதித்தாயா? முதலில் இல்லை என்றான். அப்புறம், சும்மா கால் பட்டிருக்கும், பெடல் பொசுக்கென்று போனது, கிளட்சே இல்லையே அதனால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன் என்றான். பொசுக்கென்று போனதாம்!

ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். தண்டு ஐந்தாறு மில்லிமீட்டர் வந்து நின்றுவிட்டது. ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் மூடியை நெம்பினால் உள்ளே ஈரம், பிரேக் ஆயில். கழற்றிப் பார்த்ததில் ரப்பரின் ஒரு ஓரம் உதடு மடிந்த மாதிரி மடிந்து கிழிந்திருந்தது. ரப்பர் மட்டும் மாற்றலாம் என்றார்கள், எனக்குப் பொறுமை இல்லை, முழு ஸ்லேவ் சிலிண்டரையே புதிதாக வாங்கி மாட்டிவிட்டேன். வெளியே இருக்கிற இரண்டே போல்ட், ஒரு பைப். பெட்டியைத் தொடவே இல்லை.

காற்று எடுக்கத்தான் மச்சானை வரவைத்தேன், தண்டனையாக. அவன் மிதித்துப் பிடிப்பான், நான் நிப்பிளைத் திறப்பேன், நுரையும் ஆயிலும் குழாய் வழியே பாட்டிலில் விழும், மூடிய பிறகுதான் அவன் காலை எடுக்க வேண்டும். மூன்றாவது தடவை நான் மூடுவதற்கு முன்னால் எடுத்துவிட்டான், மறுபடி முதலிலிருந்து. என் வண்டியில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா, அதனால் அளவு இறங்க இறங்க டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஏறக்குறைய இருபது தடவைக்குப் பிறகு குமிழி வருவது நின்றது. பெடல் கெட்டியானது. தண்டு இப்போது ஒன்றரை சென்டிமீட்டர் நகர்கிறது.

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் எர்த் பார்த்தேன். ஒயர் மாட்டித்தான் இருந்தது. ஆனால் அது உட்காரும் பிராக்கெட் துருப்பிடித்திருக்கிறதே என்று பெட்டி கீழே இருந்தபோது அழகாகக் கறுப்பு பெயிண்ட் அடித்துவைத்தது நான்தான். அந்தப் பெயிண்ட் மேல்தான் எர்த் உட்கார்ந்திருக்கிறது. மல்டிமீட்டர் 1.8 வோல்ட் காட்டியது. உப்புத்தாளில் தேய்த்து வெறும் இரும்பு தெரிய மாட்டினேன், இப்போது 0.2. ஸ்டார்ட்டர் பழைய மாதிரி துள்ளுகிறது. கேபிள் உருகிய கதையை எழுதியவருக்கு நன்றி, நான் இன்னும் நாலு தடவை அடித்திருப்பேன்.

வேக சென்சார் கனெக்டர் பெட்டிக்கும் இன்ஜின் அறையின் தடுப்புச் சுவருக்கும் நடுவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு விரல்தான் போகிறது, அரை மணி நேரம் ஆனது.

இன்று காலையில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டினேன். கிளம்பும்போது உதறல் இல்லை, மேட்டில் ஐந்தாவது கியரில் அழுத்தினாலும் ஆர்பிஎம் தனியாக ஏறவில்லை, முள்ளும் ஓடுகிறது. இன்ஜின் ஓடும்போது பெடலை மிதித்து மூன்று நொடி பொறுத்து ரிவர்ஸ் போட்டேன், சத்தமே இல்லாமல் விழுந்தது. எல்லாம் முடிந்தது.

*

வாழ்த்துகள். டிரைவ் ஷாஃப்டைக் கழற்றியபோது வழிந்த கியர் ஆயிலைத் திரும்ப அளவு பார்த்து ஊற்றினீர்களா? சமதரையில் நிறுத்தி, மேல் போல்ட்டைத் திறந்து, அந்த ஓட்டை வழியே வழியும் வரை. அப்புறம், ரிவர்ஸ் லைட் எரிகிறதா?

*

ஆயில் ஊற்றிவிட்டேன், அளவும் பார்த்துவிட்டேன்.

ரிவர்ஸ் லைட்டை இப்போதுதான் போய்ப் பார்த்தேன். எரியவில்லை. மச்சானை மறுபடி கூப்பிட வேண்டும், அவன் விரல்தான் ஒல்லி.